புதுப்பிப்பு: மாத்திரை போட்டும் டிஎஸ்எச் இறங்கலையா?

டவுன் சிண்ட்ரோம் உள்ள இளவயதுப் பிள்ளைகள் திடீரென மந்தமானால் முதலில் தைராய்டு பாருங்க என்று முன்பு எழுதியிருந்தேன். தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) அளவு இறங்கலையே என்று ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து கேட்டிருக்கீங்க.

பெரும்பாலும் கொடுக்கும் நேரம்தான் சிக்கல். தைராக்சினை (அந்தத் தைராய்டு மாத்திரையை) விடியக்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுங்க. அதுக்கப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, கம்மங்கூழ் எதுவும் கூடாதுங்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேணும். கூடவே போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாக ஏறாது. டாக்டர் அளவை மாற்றினால் 6–8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கணும். எல்லாம் சரியாக இருந்தாலும் வருஷம் ஒருமுறை.

டிஎஸ்எச் சரியாகியும் சோர்வா? ராத்திரி தூங்குவதைக் கவனிங்க. சம்மணமிட்டபடி முன்னால் கவிழ்ந்தோ, கழுத்தைப் பின்னால் வளைத்தோ தூங்கினால் மூச்சு தடைபடலாம். குறட்டை இல்லாவிட்டாலும் தூக்கப் பரிசோதனை கேளுங்க.

இன்னொன்று காது. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை குறுகல் என்பதால் குரும்பி சீக்கிரம் அடைக்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'பிடிவாதம்' என்று திட்டுவது பெரிய கொடுமைங்க. பட்ஸ் விடாதீங்க, உள்ளே தள்ளிவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எடுத்துவிட்டு, கேட்கும் திறனையும் சோதிச்சுக்குங்க.