முடிவு டேக் வீண் என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி

கோண_அடைப்பு:
வேறோர் இழையில் சிறுபைட்டு அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பில், அதாவது பகிர்ந்தியங்கும் அமைப்பில், ஒவ்வொரு தரவையும் பெயரிட்ட தொடக்க டேக்குக்கும் முடிவு டேக்குக்கும் நடுவே எழுதும் எக்ஸ்எம்எல்லை வைப்பது வடிவமைப்புக் குற்றமாம்; அனுப்புவதில் பாதி முடிவு டேக்குக்கே போய்விடுகிறதாம். அதற்குக் கைதட்டல் வேறு. யூபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கிக்கும் யூபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் நடுவே போய்வருவது மின்னணுக் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல். ஐஎஸ்ஓ 20022 என்ற தரத்தின்படி வங்கிகள் அனுப்பும் பணப்பரிமாற்றச் செய்திகளும் பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தான். இத்தனை குற்றவாளிகளையும் எந்தச் சிறையில் அடைக்கப் போகிறார்?

சிறுபைட்டு:
வங்கி செய்தால் சரியாகிவிடுமா? நான் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேசினேன். <தொகை>500</தொகை> என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்; 'தொகை'யில் நான்கு குறியீடு, 12 பைட். கோண அடைப்புகளோடு தொடக்க டேக் 14, எண் 3, முடிவு டேக் 15. ஆக 32 பைட்டில் 15. பெயரை ஒரே முறை எழுதும் ஜேசான் வடிவில் "தொகை":500 என்று எழுதினால் மொத்தமே 18. பாதிக்கு ஒரு பைட் குறைகிறது, பெரிய மனது வைத்து மன்னியுங்கள்.

கோண_அடைப்பு:
எந்த வங்கி ஐயா தமிழில் டேக் வைக்கிறது?

சிறுபைட்டு:
ஆங்கிலத்தில் ஆறெழுத்துப் பெயர் வைத்தால் 20 பைட்டில் 9. அப்போதும் முடிவு டேக்தான் தின்கிறது.

தெற்குவாசல்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். <தொகை மதிப்பு="500"/> என்று டேக்குக்குள்ளேயே பண்புக்கூறாக எழுதினால் முடிவு டேக்கே வேண்டியதில்லையே?

கோண_அடைப்பு:
சிறுபைட்டு, நீங்கள் எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் ஜிஜிப்பில் போட்டுச் சுருக்கிப் பார்த்தீர்களா? திரும்பத் திரும்ப வரும் பெயர்தான் நன்றாகச் சுருங்கும். 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் பரிந்துரையிலேயே பத்து நோக்கங்கள் இருக்கின்றன. சுருக்கமாக இருப்பது முக்கியமில்லை என்பது அதில் பத்தாவது. தெரிந்தே செய்தார்கள். எக்ஸ்எம்எல்லுக்கு முன்னோடியான எஸ்ஜிஎம்எல் காலத்தில் </> என்று மொட்டையாக முடிக்க வழி இருந்தது. அதை வேண்டாம் என்று தள்ளினார்கள். ஏன்? முப்பது அடுக்கு உள்ளே போன செய்தியில் ஒரு டேக் விடுபட்டால், எந்தப் பெயரில் பிசகு என்று, செய்தியைப் படித்துப் பிரிக்கும் பார்சர் சொல்லும். உங்கள் ஜேசானின் மூடும் வளை அடைப்பு எதை மூடுகிறது என்று அதற்கே தெரியாது.

சிறுபைட்டு:
நூறு பைட் செய்தியை ஜிஜிப் செய்தால் என்ன மிஞ்சும்? ஜிஜிப் சேர்க்கும் தலைப்புக்கும் வாலுக்குமே 18 பைட். ஒரு நிரல் எழுதிய செய்தியை இன்னொரு நிரல் படிக்கிறது. நடுவில் யார் கண்ணாடி போட்டுக்கொண்டு முடிவு டேக்கைத் தேடுகிறார்கள்?

புதுநிரலாளன்:
பகிர்ந்தியங்கும் அமைப்பு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் சேவைகளா, வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையிலா? இரண்டுக்கும் விடை வேறாக இருக்கலாம் அல்லவா?

கோண_அடைப்பு:
கண்ணாடி போட்டுத் தேடுபவன் நான்தான். நள்ளிரவில் பரிவர்த்தனை தொங்கினால் லாக் கோப்பைத் திறப்பவனும் நான்தான். ப்ரோட்டோபப் என்ற பைனரி வடிவில் வரும் செய்தி சரியாக ஒரு புலத்தின் எல்லையில் வெட்டுப்பட்டால், மிச்சத்தை முழுச் செய்தி என்றே நம்பி வாங்கிக்கொள்ளும். நீளத்தைத் தனியாக எழுதி அனுப்ப வேண்டும். அரட்டைச் செய்திகளை அனுப்பும் எக்ஸ்எம்பிபியில் பாருங்கள்: முழு இணைப்பும் ஒரே எக்ஸ்எம்எல் ஆவணம், வேர் உறுப்பின் முடிவு டேக் வந்தால்தான் உரையாடல் முடிந்தது என்று பொருள். முடிவு டேக்தான் அங்கே நெறிமுறை.

சிறுபைட்டு:
நான் ஜேசானைப் பற்றிப் பேசினேன், அவர் ப்ரோட்டோபப்பை அடிக்கிறார். பாதியில் வெட்டிய ஜேசானையும் எந்தப் பார்சரும் ஏற்காது. சரி, பகிர்ந்தியங்குவதைப் பற்றியே பேசுவோம். 2008இல் எக்ஸ்எம்எல்லை வெளியிட்ட டபிள்யூ3சி புலம்பியது நினைவிருக்கிறதா? ஆவணத்தின் அமைப்பு விதிகளைச் சொல்லும் டிடிடி கோப்புகளைக் கேட்டு ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை வந்தனவாம். உலகத்தில் உள்ள நிரல்கள் எல்லாம், என்றுமே மாறாத ஒரு கோப்பை ஒரே சர்வரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தன. அருமையான வடிவமைப்பு.

கோண_அடைப்பு:
கோப்பைச் சேமித்து வைக்கத் தெரியாதவன் எழுதிய நிரலுக்கு முடிவு டேக் என்ன செய்யும்? உங்கள் சிக்கனத்தின் கதையையும் கேளுங்கள். 2010இல் ட்விட்டரின் பதிவு எண்கள் 53 பிட்டைத் தாண்டப்போகும் நிலை வந்தது. அவ்வளவு பெரிய எண்ணைத் துல்லியமாக வைக்க முடியாத ஜாவாஸ்கிரிப்ட் அவற்றின் கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். என்ன செய்தார்கள்? ஒரே எண்ணை ஜேசானில் ஒரு முறை எண்ணாகவும் இன்னொரு முறை சரமாகவும் அனுப்பினார்கள். பெயரை இரண்டு முறை எழுதினால் வீண், எண்ணை இரண்டு முறை எழுதினால் நவீனம்!

சிறுபைட்டு:
அது ஜாவாஸ்கிரிப்ட்டின் குறை. மேலும், 32இல் 15 என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எழுத்துரு_பித்தன்:
அந்தக் கணக்கே சந்தேகத்துக்குரியது. 'தொ' என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பிரித்தால் பெயருக்கு 12 பைட் அல்ல, 15. தொடக்க டேக்கில் ஒரு விதமும் முடிவு டேக்கில் இன்னொரு விதமும் வந்தால் திரையில் வேறுபாடே தெரியாது, பார்சர் மட்டும் பொருந்தவில்லை என்று கத்தும்.

கோண_அடைப்பு:
பார்த்தீர்களா! கண்ணுக்குத் தெரியாத பிழையை முடிவு டேக் பிடித்துக் கொடுக்கிறது.

சிறுபைட்டு:
பார்த்தீர்களா! முடிவு டேக் இல்லாவிட்டால் அந்தப் பிழைக்கே இடமில்லை.

எழுத்துரு_பித்தன்:
நான் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றித்தான்

கோண_அடைப்பு:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். சிறுபைட்டு போன ஆண்டு, இடைவெளியை வைத்தே அடுக்குகளைக் காட்டும் யாமெல் பற்றியும் இப்படித்தான் பேசினார். இடைவெளி பிசகி ஒரு சேவை இரவெல்லாம் கிடந்த பிறகு அந்தப் பதிவுகளைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார். என்னிடம் படம் இருக்கிறது.

சிறுபைட்டு:
படம் எடுத்துச் சேர்த்துவைப்பதுதான் உங்கள் வேலையா? அழித்தது நான் அல்ல, மட்டுறுத்துநர். கையொப்பம், கையொப்பம் என்கிறீர்களே, டேக்குக்குள் ஓர் இடைவெளி கூடினாலும் கையொப்பம் செல்லாமல் போகிறது என்று 2001இல் எக்ஸ்எம்எல்லை ஒரே வடிவுக்கு ஒழுங்குபடுத்தும் விதி ஒன்றைத் தனியாக எழுதவேண்டி வந்ததை ஏன் மறைக்கிறீர்கள்?

கோண_அடைப்பு:
ஜேசானுக்கு அதே விதி 2020இல்தான் வந்தது. பத்தொன்பது ஆண்டு பின்தங்கியவர்கள் பேசுகிறார்கள்.

தெற்குவாசல்:
பண்புக்கூறு பற்றி நான் கேட்டது...

சிறுபைட்டு:
32இல் 15. பதில் வரும்வரை இதையே எழுதுவேன்.

கோண_அடைப்பு:
எழுதுங்கள். ஜிஜிப் சுருக்கிவிடும்.