குளோரின் மாத்திரை கூட்டியும் தெளியாத நீச்சல் குளம்: நம் ஊர் போர்வெல் தண்ணீரில் பட்ட பாடு

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பு வீடு

போன கோடையில் எங்கள் வீட்டு நீச்சல் குளம் மூன்று வாரம் பச்சையாகவே கிடந்தது. தினமும் குளோரின் போட்டும் தெளியவில்லை. இதே சிக்கலில் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குளம் 24க்கு 12 அடி, சராசரி ஆழம் நாலரை அடி. கிட்டத்தட்ட 36,000 லிட்டர் பிடிக்கும். பிள்ளைகள் தோப்புக் கிணற்றில் குதிப்பதைப் பார்த்துப் பயந்துபோய் அப்பா கட்டவைத்தது. நிரப்புவது போர் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு தொல்லை தீர வந்த குடிநீர். அதைக் குளத்தில் விட மனம் வராது.

பச்சை தட்டியதும் கடையில் கேட்டோம். "மாத்திரையைக் கூட்டிப் போடுங்க சார்" என்றார்கள். அதற்கு முன் ஆறு வாரமாக வாரத்துக்கு ஒரு கிலோ போட்டு வந்தது, அப்புறம் இரண்டு கிலோ ஆனது. பச்சை அப்படியேதான் இருந்தது. தண்ணீர் சோதிக்கும் கிட்டில் பார்த்தால் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.4. இரண்டுமே சரி. அப்படியானால் எது சரியில்லை என்று எனக்குப் பல நாள் புரியவில்லை.

மச்சான்தான் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட், எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். அந்த மாத்திரை வெறும் குளோரின் இல்லை. எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் ஆசிட்டாகத் தண்ணீரில் தங்கிவிடுகிறது. வெயிலில் குளோரின் பறந்துபோகாமல் காப்பது அதுதான். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. ஆனால் குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. எங்கள் குளத்தில் ஒரு கிலோ மாத்திரைக்கு ஏறக்குறைய 15 பிபிஎம் ஏறுகிறது. சோதனைக் குழாயில் 100 வரைதான் கோடு. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து பார்த்தேன், 80 காட்டியது. அப்படியென்றால் குளத்தில் 160! அந்த அளவுக்குக் குளோரின் 12 பிபிஎம் இருந்தால்தான் பாசி அடங்கும். 3 இருந்து என்ன பயன்? நாங்கள் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த மாத்திரையின் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது.

இதற்குத் தனி மருந்து தேடி அலைய வேண்டாம். தண்ணீரை மாற்றுவதுதான் நம்பக்கூடிய வழி. நம் ஊரில், அதுவும் மே மாதம், 18,000 லிட்டரைத் திறந்துவிடுவது எவ்வளவு வேதனை என்று உங்களுக்குத் தெரியும். நான்கைந்து நாள் குளோரின் போடாமல் விட்டு, கிட்டில் பூஜ்யம் வந்தபிறகு மாமரங்களுக்குப் பாய்ச்சினோம். பாதி மாற்றியதில் 80க்கு வந்தது. இன்னொரு முறை பாதி மாற்றியபிறகுதான் 40.

அடுத்த தலைவலி அங்கே ஆரம்பித்தது. குக்கர் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிற அதே போர் தண்ணீர் குளத்துக்குள் வந்ததும் பிஹெச் 8.2, அல்கலினிட்டி (பிஹெச்சை எளிதில் இறங்கவிடாத காரத்தன்மை) 280. டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு. பிஹெச் 7.5ல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும், 8ல் கால்வாசிதான். 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை நாளுக்கு ஒரு லிட்டர் வீதம், பம்ப் ஓடும்போது, சுற்றிச் சுற்றி ஊற்றினேன். ஒரு லிட்டருக்கு அல்கலினிட்டி 14 அளவு இறங்கும். 120க்கு வர 11 லிட்டர் பிடித்தது. பிஹெச் ரொம்ப இறங்கின நாட்களில் நீரூற்றை ஓடவிட்டோம். காற்றுப் பட்டதும் பிஹெச் ஏறும், அல்கலினிட்டி ஏறாது.

இப்போது மாத்திரையே இல்லை. திரவக் குளோரின், சூரியன் சாய்ந்தபிறகு. ஒரு லிட்டர் ஊற்றினால் 3 பிபிஎம் போல ஏறும். வெயிலில் வைத்தால் கேன் வீரியம் இழந்துவிடும், ஆகவே நிழலில் வையுங்கள், கொஞ்சமாக வாங்குங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு பதில்

எனக்கு நேர்மாறாக நடந்தது. குளோரின் பார்க்க, கிட்டில் உள்ள சொட்டு மருந்தைத் தண்ணீர் மாதிரியில் விட்டதும் ஒரு நொடி இளஞ்சிவப்பு வந்து மறைந்தது. குளோரினே இல்லை போல என்று இன்னும் ஊற்றினேன். மறுநாள் மகளின் நீச்சல் உடை வெளுத்து, கண்ணெல்லாம் சிவப்பு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நிறம் வந்து மறைந்தால், மாதிரியில் நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய கிட் மொத்தக் குளோரினை மட்டும் சொல்லும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு என்று அதில் தெரியாது.

பாலக்கோட்டிலிருந்து இன்னொரு பதில்

ஆசிட், குளோரின் என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த அண்ணன், மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த மக்கிலேயே பிளீச்சிங் பவுடரை அள்ளினார். லேசாக ஈரம் இருந்தது. புஸ்ஸென்று புகை கிளம்பி மக் உருகியது. அவர் தூக்கி எறிந்ததால் கை தப்பியது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அந்த இரண்டும் சேரவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குளோரினோடு ஆசிட் கலந்தால் விஷ வாயு. தனித்தனி மக், தனித்தனி அலமாரி வையுங்கள். ஆசிட்டை எப்போதும் தண்ணீருக்குள் ஊற்றுங்கள், ஆசிட்டுக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள், கூலிக்கு வருபவரையும்தான்.

காவேரிப்பட்டணம் பக்கம்

அந்த அண்ணன் நலமாக இருப்பது நிம்மதி. எங்கள் வீட்டில் மக்குகளுக்கு இன்றே வேறு வேறு நிறம் பூசிவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போனது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் குளத்திலேயே நிற்கும். குறைந்ததற்குப் போர் தண்ணீர் விட விட ஹார்ட்னெஸ் (தண்ணீரின் கடினத்தன்மை) ஏறிக்கொண்டே போகும். ஐப்பசி மழையில் மாடித் தண்ணீரை, முதல் மழையைக் கழித்துவிட்டு, வலை கட்டிக் குளத்துக்குத் திருப்பினோம். 520ல் இருந்த ஹார்ட்னெஸ் கார்த்திகைக்குள் 350க்கு வந்தது. டைல்ஸில் இருந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்து எடுத்தோம், திரும்பப் படியவில்லை.