மடிக்கணினி கிராபிக்ஸ் கார்டின் சூடும் விசிறிச் சத்தமும்: உங்களுக்கு எது பலித்தது?

மதுரையிலிருந்து:

என்னுடையது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினி. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு விளையாட நேரம் கிடைக்கும். விசிறி பிடிக்கும் வேகத்தில் அவர்கள் எழுந்துவிடுவார்கள். மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், கார்டு 86, 87 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறும். விசிறி மட்டும் அடங்காது.

கேட்டவர்களெல்லாம் கூலிங் பேட் வாங்கச் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்டு எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறதோ, அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 115 வாட் வரை இழுக்க விட்டுவிட்டு, அடியில் இன்னும் இரண்டு விசிறிகளைச் சுழல வைப்பது என்ன நியாயம்? உள்ளே போவதைக் குறைக்க வேண்டும்.

முதலில் பிரேம்களில், அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையில், கை வைத்தேன். என் திரை 144 ஹெர்ட்ஸ், நொடிக்கு 144 பிரேம் வரைதான் காட்டும். பழைய விளையாட்டு ஒன்றின் மெனுப் பக்கத்தில், எதுவுமே அசையாத இடத்தில், கார்டு நொடிக்கு 300 பிரேம்களுக்கு மேல் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. திரையால் காட்டவே முடியாத பிரேம்களுக்கு இத்தனை இரைச்சல்! என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் பிரேம் ரேட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. 2020 தொடக்கத்தில் வந்த டிரைவரிலிருந்து இருக்கிறது. அதில் 60 என்று வைத்தேன். கதை விளையாட்டுகளுக்கு அது தாராளம். கார் பந்தயத்துக்கு மட்டும் 90.

அடுத்தது அண்டர்வோல்ட், அதாவது கார்டுக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். 0.8 வோல்ட்டுக்கு நேரே உள்ள புள்ளியை 1,700 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ள எதுவும் அந்த உயரத்தைத் தாண்டாதபடி தட்டையாக்கினேன். ஒரே வேகத்தில் ஓடும்போது மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டி மாறும். 0.95-லிருந்து 0.8-க்கு வந்தால் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சம். பிரேம்களில் இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாடலிலும் ஒரு சிப் தாங்குவதை இன்னொன்று தாங்காது. விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டால் 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கிப் பாருங்கள். சில நிறுவனங்கள் இந்த வசதியைப் பூட்டியே வைத்திருக்கின்றன, அங்கே பிரேம் கட்டுப்பாடு ஒன்றுதான் கதி.

இப்போது கார்டு 75 டிகிரிக்குள் நிற்கிறது. விசிறி வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே சத்தம் 5 டெசிபெல் அளவுக்கு இறங்கும். ஒரு சுவர் தாண்டித் தூங்குகிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

கோவையிலிருந்து:

நான் விளையாடுகிறவள் இல்லை. கணக்கு வேலை. எக்ஸெல்லும் பிரவுசரும் மட்டும் திறந்திருக்கும், ஆனாலும் விசிறி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும், அடங்கும், மறுபடி எழும். ஒரே சீராக இரைந்தால்கூடப் பழகிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சல்.

என்விடியா கண்ட்ரோல் பேனலின் ‘டெஸ்க்டாப்’ மெனுவில், கிராபிக்ஸ் கார்டு விழித்திருக்கிறதா என்பதை டாஸ்க்பாரில் காட்டும் சின்னத்தை இயக்கலாம். எந்த மென்பொருள் அதை எழுப்புகிறது என்று பெயரோடு சொல்லும். என் கணினியில் முதல் குற்றவாளி அசையும் வால்பேப்பர். அதை நீக்கினேன். பிரவுசரை விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் ‘பவர் சேவிங்’ என்று மாற்றினேன், அது உள்ளமைந்த சின்ன கிராபிக்ஸுக்குப் போய்விட்டது. அப்படியும் கார்டு உறங்கவில்லை. காரணம் வெளி மானிட்டர். என் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை நேரடியாகப் பெரிய கார்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மானிட்டர் செருகியிருக்கும்வரை அதற்கு உறக்கம் கிடையாது. டைப்-சி வழியாக மானிட்டரை இணைத்ததும் அமைதி. எல்லா மாடலிலும் இணைப்பு இப்படி இருக்காது. இரண்டையும் மாற்றிப் பார்த்து அந்தச் சின்னத்தைக் கவனியுங்கள்.

சென்னை, ரிப்பேர் கடையிலிருந்து:

மென்பொருளில் இவ்வளவும் செய்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் குறைவு. ஒன்றுமே செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். வாங்கியதிலிருந்து திறக்காத கணினி என்றால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி போல அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் போகும். அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, அந்த அடைப்பைக் கையாலேயே எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும்.

தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டை மேலே உள்ள ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தப் பூசும் பசை: அந்த விஷயத்தில் ஒரு வார்த்தை. சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நீர்த்த பேஸ்டை ஓரங்களுக்குத் தள்ளிவிடும், நடுவில் வெறுமை. அதனால் மடிக்கணினிகளுக்கு இப்போது நான் போடுவது ஹனிவெல்லின் பிடிஎம் 7950 என்ற மெல்லிய தாள். 45 டிகிரி வாக்கில் இளகி, இண்டு இடுக்கெல்லாம் பரவி உட்காரும். பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். அதில் இருப்பது காலியம். அலுமினியத்தை அரிக்கும், போர்டில் சிந்தினால் ஷார்ட். நான் போடுவதில்லை. மெமரி சிப்கள் மேல் உள்ள, சூடு கடத்தும் பேடுகளை மாற்றினால் பழைய தடிமனையே போடுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நடு சிப்பைத் தொடாமல் போகும்.

இன்னொன்று. 2008 ஜூலையில் என்விடியா தன் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றில் கோளாறு இருப்பதாக அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறியதில் சிப்புக்கு அடியிலுள்ள ஈயப்பற்று விரிசல் கண்டதுதான் கோளாறு. அந்தக் காலத்தில் கடைக்கு வந்தவர்களை எல்லாம் ‘மெத்தையில் வைத்தீர்களா’ என்று கேட்டுத் திட்டினார்கள்; பாதிப் பேர் மேஜையில் வைத்து வேலை பார்த்தவர்கள்.

பெங்களூரிலிருந்து:

லினக்ஸில் ஆஃப்டர்பர்னர் கிடையாது. என்விடியா எஸ்எம்ஐ கட்டளையில் கார்டின் உச்ச வேகத்தைப் பூட்டும் வசதி இருக்கிறது, எனக்கு அதுவே போதும்.

மதுரையிலிருந்து மீண்டும்:

கடைக்கார அண்ணனுக்கு நன்றி. பல மடிக்கணினிகளில் பிராசஸரும் கார்டும் ஒரே செம்புக் குழாயைப் பகிர்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ என்ற கூடுதல் வேகம் நின்றுவிடும், கார்டும் சில டிகிரி இறங்கும். ஒரு சந்தேகம்: குறைந்த வேகத்திலும் இடது விசிறி கரகரக்கிறது. இதுவும் சூட்டினாலா?

சென்னை, ரிப்பேர் கடையிலிருந்து:

இல்லை. ‘உஸ்’ என்பது காற்றின் சத்தம், கரகரப்பு பேரிங் தேய்ந்த சத்தம். விசிறியை மாற்றுங்கள். வாங்கும்போது கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். விசிறியின் முதுகில் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படம் எடுத்துக் காட்டுங்கள். இடதும் வலதும் பெரும்பாலும் வேறு வேறு பாகங்கள்.