ஓய்வுக்குப் பின் படகும் மோட்டார் சைக்கிளும்: இரண்டும் ஒத்துவருமா?

கேள்வி – நெடுவழி

வணக்கம். நானும் என் மனைவியும் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறோம். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போவது எங்களுக்குப் பழகியது. பாய்மரப் படகு ஓட்டும் அடிப்படைப் பயிற்சியையும் இருவரும் முடித்திருக்கிறோம். 11 மீட்டர் நீளமுள்ள பழைய படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கவும், சேரும் கரைகளில் மோட்டார் சைக்கிளில் உள்நாட்டைச் சுற்றவும் ஆசைப்படுகிறோம். வண்டியைப் படகிலேயே ஏற்றிக்கொள்ள முடியுமா? வீட்டை விற்றுப் படகு வாங்குவது சரியா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – பாய்மரம்

ஐயா, வண்டியை ஏற்றும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். 200 கிலோ எடையை மேல்தளத்தில் கட்டினால் அந்த அளவுள்ள படகின் நிலைப்பு கெடும். உப்புநீர் சங்கிலியையும் மின் இணைப்புகளையும் விரைவிலேயே அரித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் கலைந்து போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே ஒரு சிறு மின்பொறி போதும். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குச் சாலை இல்லாததால், மோட்டார் சைக்கிள்களைப் பாய்மரக் கலங்களில் அக்கரை சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் அது சில நாள் பயணம், குடித்தனம் அல்ல.

வீட்டை விற்பதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் வாடகைப் படகில், துறையில் கட்டாமல் நங்கூரத்திலேயே இருந்து பாருங்கள். 5 மீட்டர் ஆழத்தில் நிற்க 25 முதல் 35 மீட்டர் வரை சங்கிலி விட வேண்டும். நள்ளிரவில் காற்று திசை மாறினால் படகு அந்தச் சங்கிலியோடு சுழலும், பக்கத்துப் படகு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஒருவர் எழுந்து பார்த்தே ஆக வேண்டும். இது தொந்தரவாகத் தோன்றாதவர்களுக்குத்தான் படகு வீடாகும்.

பதில் – தென்றல்

மேலே சொன்னவர் வண்டியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. கரீபியக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அப்போது பலர் படகைக் கரையேற்றித் தாங்கிகளில் நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வண்டி ஓட்ட ஏற்ற மாதங்களும் பெரும்பாலும் அவைதாம். மத்தியதரைக் கடலைத் தேர்ந்தெடுத்தால் படகும் வண்டியும் ஒரே கோடைக்குப் போட்டியிடும் என்பதால், உங்கள் திட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சூறாவளிப் பருவத்தில் கரீபியக் கடலின் தெற்கே ஒதுங்கிவிட்டால் போதும் என்றும் நம்பிவிட வேண்டாம்: 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அந்தத் தெற்குப் பகுதியிலுள்ள கரியாகூ தீவைத் தாக்கியபோது, அங்கே சதுப்புநிலக் காடுகளுக்குள் ஒதுங்கியிருந்த படகுகளும் சேதமடைந்தன.

காகிதங்களையும் முன்கூட்டியே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் அங்கே கொண்டுவரும் படகுக்கு 18 மாதம் வரை இறக்குமதி வரியில்லை. மோட்டார் சைக்கிளுக்கு அது 6 மாதம். விசா விலக்கில் வருபவரோ ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். படகுக்குக் கிடைக்கும் சலுகை அதன் உரிமையாளருக்குக் கிடைப்பதில்லை!

பதில் – கரையோரம்

வயதைப் பற்றி அஞ்ச வேண்டாம். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 65 வயதில், சிட்னியில் மட்டும் நின்று, தனியாக உலகைச் சுற்றி முடித்தார்; ஜீன் சாக்ரட்டீஸ் 2019இல் 77 வயதில் எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றினார். ஆனாலும் அவர்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தேவை மின்சார நங்கூரச் சுழற்றியும், மேல்தளத்தின் முன்பகுதிக்குப் போகாமலே பாயைச் சுருட்டும் வசதியும்தான். இவற்றைவிட முக்கியம், உங்கள் மனைவி தனியாகவே படகைத் திருப்பி, தண்ணீரில் விழுந்த உங்களை மேலே ஏற்றத் தெரிந்திருப்பது. நீங்களும் அவருக்காக அதைப் பழக வேண்டும். பல தம்பதியர் இதை ஒத்திகை பார்ப்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

நெடுவழி

அனைவருக்கும் நன்றி. வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, முதல் குளிர்காலம் வாடகைப் படகில் இருந்து பார்க்க முடிவு செய்துள்ளோம். படகில் இருக்கும் ஆறு மாதமும் வண்டியை எப்படி வைப்பது?

தென்றல்

பெட்ரோல் தொட்டியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது எஞ்சின் வரை போய்ச் சேரும்படி சில நிமிடம் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதற்கு முன்பே எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள், திரும்பி வந்த பிறகு அல்ல. பாட்டரியைத் தானியங்கிச் சார்ஜரில் இணைத்து, இரு டயர்களும் தரையைத் தொடாதபடி தாங்கியில் நிறுத்துங்கள். புகைக்குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். எலிகளுக்கு அது மிகவும் பிடித்த இடம்.