இடும்பன் செய்த தவறு என்ன?

ஈசூன் அம்மா:
தைப்பூசத்துக்கு இங்கே சிங்கப்பூரில் என் அண்ணன் காவடி எடுக்கிறார். அதனால் மகளுக்கு இடும்பன் கதை சொன்னேன். குரு அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடிபோலத் தோளில் சுமந்து போன அசுரன் அவன்; வழியில் பழனியில் இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. மலைமேல் சிறுவனாக நின்ற முருகனோடு மோதி மாண்டான். “குரு சொன்ன வேலையைத்தானே செய்தார், முருகன் ஏன் அடித்தார்?” என்கிறாள். ஒன்பது வயது. என்ன சொல்வது?

தேக்காவாசி:
கதையை அங்கே நிறுத்தாதீர்கள். அவன் மனைவி இடும்பி அழுது வேண்ட, முருகன் உயிர் கொடுத்தார். அப்போது அவன் கேட்ட வரத்தைப் பாருங்கள்: தன்னைப் போலக் காவடி சுமந்து வருபவர்களுக்கு அருள வேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து காவடியோடு நடக்கும்போது, தோள் வலித்தால் எனக்கு அவன் நினைவுதான் வரும்.

பழனிக்காரர்:
பழனியில் படியேறும் வழியில் இடும்பனுக்குச் சன்னதி உண்டு. அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவோம்.

ஈசூன் அம்மா:
சொன்னேன். “அப்போ முதல் காவடி அவர்தானா?” என்றாள். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மாமாவோடு தானும் நடக்க வேண்டுமாம். சரி என்றுவிட்டேன்.