இரட்டைப் பாலை மரம் நின்ற இடம் யாருக்காவது ஞாபகமா?

முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் உறவுகளே, ஒரு உதவி.

இங்கிலாந்தின் டார்ட்மூரில் 1854இல் தொடங்கிய விளையாட்டு இது: காட்டுப் பாதையோரம் பெட்டியொன்றை ஒளித்துவைத்துவிட்டுக் குறிப்பு எழுதுவார்கள். கண்டுபிடிப்பவர் அதிலிருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் கொப்பியில் குத்திக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டிக் கொப்பியில் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். லண்டனிலிருந்து வந்த சித்தப்பா போன வருசம் என் மகளுக்காக இங்கே ஒன்று வைத்தார். மார்கழியில் அவர் காலமாகிவிட்டார். அவர் கையெழுத்தில் இந்தக் குறிப்பு மட்டும் எங்களிடம் இருக்கிறது:

"துருசுக்கு முதுகு காட்டி நில். இரட்டைப் பாலை தெரியும். அதிலிருந்து வடக்கே நாற்பது கவடு. வீரை வேரடியில் பார்."

துருசு என்றது முத்தையன்கட்டுக் குளத்து மதகைத்தான்; இடது கரைத் துருசா, வலது கரையா என்று எழுதவில்லை. மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தோம். ஒற்றைப் பாலைதான் நிற்கிறது, சுற்றிலும் நாயுண்ணிப் பற்றை. மற்ற மரம் காற்றில் விழுந்ததா, தறித்தார்களா? பாலைப்பழம் பொறுக்கப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தயவுசெய்து தேடிக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். யானையும் இருக்கிறது, மிதிவெடிப் பயமும் இன்னும் போகவில்லை. இடத்தை மட்டும் சொல்லுங்கள். மகள் தன் முத்திரையை அழிறப்பரில் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.