எஞ்சின் ஆயில் ஊற்றாமலே அளவு ஏறுகிறது, வண்டியை ஓட்டலாமா?

பேட்டைவாசி
அவசரம். இன்று காலை ஆயில் அளவு காட்டும் குச்சியை, டிப்ஸ்டிக்கை, எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. சர்வீஸ் முடிந்து வந்தபோது சரியாகக் கோட்டில்தான் இருந்தது. நடுவில் யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. குறைந்தால் புரியும், எப்படிக் கூடும்? நாளை குடும்பத்தோடு சேலம் போக வேண்டும். கிருஷ்ணகிரி பக்கம் யாராவது சொல்லுங்கள்.

பாலக்கோடு டிரைவர்
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? எந்த வருடம்? சர்வீஸ் முடிந்து எத்தனை கிலோமீட்டர்? ஒன்றுமே சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

அரூர் டிராக்டர்
தண்ணீர் இறங்கியிருக்கும் அண்ணா. எஞ்சின் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு, அந்த ஹெட் கேஸ்கட் போனால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி ஒட்டியிருந்தால் அதேதான். எங்கள் டிராக்டரில் அப்படித்தான் ஆனது.

பழைய ஸ்பேனர்
அளக்கத் தெரியாதவர் அளந்தால் எல்லா வண்டியிலும் கூடும், குறையும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே வடிய ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். குச்சியைத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த அடிப்படையை இங்கே எத்தனை முறைதான் எழுதுவது?

பேட்டைவாசி
சமதரைதான். துடைத்துத்தான் பார்த்தேன். கூலன்ட் குறையவில்லை, மூடியும் சுத்தம். டீசல் வண்டி.

ஓசூர் நைட்ஷிப்ட்
டீசல் என்பதுதான் முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதா, அதாவது பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியா? தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது? வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா?

பேட்டைவாசி
2021, பிஎஸ்6. பையனைப் பள்ளியில் விட்டு, அப்புறம் கடை. எல்லாம் பழையபேட்டை, புதுப்பேட்டைக்குள்தான். ஃபேன் சுற்றுகிறது, வெயிலால் என்று விட்டுவிட்டேன்.

ஓசூர் நைட்ஷிப்ட்
அப்படியானால் ஆயிலில் டீசல் கலந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கும், அதுதான் ரீஜெனரேஷன். கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர, பல எஞ்சின்களில் இன்ஜெக்டர் கடைசியில் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ரீஜெனரேஷன் முழுதாக முடிய நெடுஞ்சாலை ஓட்டத்தில் 15, 20 நிமிடமாவது ஆகும். நீங்கள் பாதியிலேயே பள்ளி வாசலில் அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை மறுபடி தெளிக்கும். அணைத்த பிறகும் ஃபேன் சுற்றுவது, ரீஜெனரேஷன் பாதியில் நின்றதற்கு ஒரு அடையாளம்.

குச்சியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தெரியலாம். சேலத்துக்கு அந்த வண்டி வேண்டவே வேண்டாம். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். அளவு மீறினால் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும். இன்னும் மோசமானால் ஆயில், எஞ்சினின் ஆவி வெளியேறும் ப்ரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் போய் எரிந்து, சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காமல் தறிகெட்டு ஓடும். தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஆனால் நினைத்துப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்
இதற்கெல்லாம் காரணம் தண்ணீர் மாதிரி இருக்கும் அந்த 5டபிள்யூ-30 கிரேடு ஆயில்தான். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான 15டபிள்யூ-40 ஊற்றினால் இந்தத் தொல்லையே வராது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

ஓசூர் நைட்ஷிப்ட்
ஐயா, டீசல் இறங்குவதற்கும் கிரேடுக்கும் சம்பந்தமில்லை. முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் கிளம்புவதற்கானது. வெயிலில் நின்றாலும் நிழலில் நின்றாலும், ஓடும் எஞ்சினில் ஆயில் சுமார் 100 டிகிரியில்தான் இருக்கும். அந்தச் சூட்டுக்கான எண்தான் 30, 40. அதைவிட முக்கியம், டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது; வடிகட்டியை நிரந்தரமாக அடைத்துவிடும். வண்டிக் கையேட்டில் உள்ள கிரேடையும், ஏசிஇஏ சி2, சி3 போன்ற ஆயில் தரக் குறியையும் பார்த்து வாங்குவதுதான் சரி.

பழைய ஸ்பேனர்
கையேடு எழுதியவர் தர்மபுரி ரோட்டில் மே மாதம் ஓட்டினாரா?

பாலக்கோடு டிரைவர்
ஆயில் கறுத்ததும் மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஓசூர் நைட்ஷிப்ட்
டீசலில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அரூர் டிராக்டர்
வடிக்கும் பழைய ஆயிலைக் கொட்டாதீர்கள் அண்ணா. வேலிக் கம்பத்தில் கரையான் ஏறாமல் இருக்கப் பூசலாம்.

பாலக்கோடு டிரைவர்
கிணற்றடியில் அதைப் பூசாதீர்கள். மழையில் வழிந்து தண்ணீரில் சேரும். அரசு விதிப்படியே பழைய ஆயில் அபாயக் கழிவு. பட்டறையிலேயே விட்டுவிடுங்கள், மறுசுழற்சிக்கு வாங்கிப் போவார்கள்.

அரூர் டிராக்டர்
எங்கள் தாத்தா காலத்திலிருந்து பூசுகிறோம், கிணறு நன்றாகத்தான் இருக்கிறது.

பேட்டைவாசி
ஆயிலும் பில்டரும் மாற்றியாயிற்று. வடித்ததில் டீசல் வாடை நன்றாகவே வந்தது. பட்டறையில் ஸ்கேனர் மாட்டி டிபிஎஃப்பில் இருந்த கரியையும் எரித்துக் கொடுத்தார்கள். சேலத்துக்கு பஸ்ஸில் போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி.

ஓசூர் நைட்ஷிப்ட்
எரித்தது ஆயில் மாற்றுவதற்கு முன்பா, பிறகா? பிறகு என்றால் புது ஆயிலிலும் கொஞ்சம் டீசல் இறங்கியிருக்கும், குச்சியைப் பார்த்துவிடுங்கள். என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று பில்லிலும் பாருங்கள். இனி வாரம் ஒரு முறை காவேரிப்பட்டணம் தாண்டி தர்மபுரி வரை நிறுத்தாமல் ஒரு நடை ஓட்டுங்கள்.

பாலக்கோடு டிரைவர்
பில் எவ்வளவு வந்தது என்றும் சொல்லுங்கள். என் மச்சான் வண்டியிலும் ஃபேன் இப்படித்தான் சுற்றுகிறது.